ஒரு 'ஜி' என்றால் எத்தனை அடி? – வாசகர் கேள்விகள், பதில்கள்

சென்ற இதழில் பேருந்து பிரேக் பற்றிய ஒரு பதிலில் '0.4 ஜி' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான். அதென்ன ஜி, மீட்டரில் எவ்வளவு, அடியில் எவ்வளவு, எங்கள் பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்று ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த முறை முழுக்க முடுக்கம்தான், அதாவது வேகம் வினாடிக்கு வினாடி எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு. அதன் அலகுகளில் ஒன்றுதான் ஜி, பூமியின் ஈர்ப்பை வைத்து வந்தது: ஒரு ஜி 9.80665 மீ/வி² (வினாடிக்கு வினாடி இத்தனை மீட்டர்), அடியில் 32.174. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க யூடியூப் விமர்சனம் ஒன்றில் ஒரு கார் 0–60ஐ 4 வினாடியில் தொடுகிறது என்றார்கள். என் பைக்கும் 0–60ஐ ஏறக்குறைய 4 வினாடியில் தொடும். அப்போ இரண்டுக்கும் பிக்கப் ஒன்றுதானே? நண்பர்கள் சிரிக்கிறார்கள். – கல்லூரி மாணவர், ஈரோடு

நண்பர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது தம்பி, ஆனால் அவர்களில் எத்தனை பேர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் 60 கிலோமீட்டர். அவர்களுடைய 60 மைல், அதாவது 96.56 கிலோமீட்டர். உங்கள் பைக் மணிக்கு 60 கி.மீ. வேகத்தை, அதாவது வினாடிக்கு 16.67 மீட்டரை, 4 வினாடியில் எட்டுகிறது; 4ஆல் வகுத்தால் 4.17 மீ/வி². அந்தக் கார் அதே 4 வினாடியில் வினாடிக்கு 26.82 மீட்டரை எட்டுகிறது, அது 6.71 மீ/வி². ஜி கணக்கில் வேண்டுமென்றால் இரண்டையும் 9.80665ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: உங்களுடையது 0.43 ஜி, அவர்களுடையது 0.68 ஜி. தெருவில் ஓட்டுகிற பைக்குக்கு 0.43 ஒன்றும் மோசமில்லை.

அடிக்கணக்கில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. ஒரு மைலுக்கு 5,280 அடி, எனவே மணிக்கு 60 மைல் என்பது மிச்சமே இல்லாமல் வினாடிக்கு 88 அடி. 88ஐ 4ஆல் வகுத்தால் 22 அடி/வி². பழைய அமெரிக்கக் கணக்குகளில் 88 அடிக்கடி தலைகாட்டுவதற்கு இதுதான் காரணம். ஒரு கால்குலேட்டர்கூட வேண்டாம்.

இன்னொன்று. நம் பத்திரிகைகள் 0–100 கி.மீ. கணக்கைத்தான் கார்களுக்குப் போடும். அது 60 மைலைவிட மூன்றரை கிலோமீட்டர் கூடுதல். அதே முடுக்கத்தில் போனால் 4 வினாடிக் கார் 100 கி.மீ.யைத் தொட 4.14 வினாடி ஆகும். அதுவும் போதாதென்று, அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றில் வண்டி முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடுவார்கள் (டிராக் ரேஸ் என்கிற நேர்பாதைக் கார் பந்தய மைதானத்திலிருந்து வந்த பழக்கம்). அதிலேயே கால் வினாடி போலக் குறைந்துவிடும். ஆகவே இரண்டு நாட்டு எண்களை ஒப்பிடும்போது அலகை மட்டும் மாற்றினால் போதாது, எப்படி அளந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். எல்லாமே சராசரி என்பதையும் மறக்காதீர்கள். முதல் கியரில் முதுகில் விழுகிற அந்த உந்துதல் சராசரியைவிட அதிகம்.

என் மகள் 25,920 கி.மீ/மணி² என்பதை மீ/வி²க்கு மாற்ற 5/18ஆல் பெருக்கி 7,200 என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை தவறு போட்டுவிட்டார். 5/18 தானே சூத்திரம்? – ஒரு தாய், நாகர்கோவில்

ஆசிரியை போட்டது சரிதான் அம்மா. ஆனால் மகளைத் திட்டாதீர்கள், ஏனென்றால் 5/18 என்பதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்யவைக்கிற நம் வழக்கத்துக்குத்தான் இதில் பாதிப் பழி.

5/18 எங்கிருந்து வருகிறது? ஆயிரம் மீட்டரை 3,600 வினாடியால் வகுத்தால் வருகிறது. அது வேகத்துக்கு. வேகத்தில் மணி ஒரு முறைதான் கீழே உட்கார்ந்திருக்கிறது. முடுக்கத்தில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறது, அதனால் இரண்டு முறையும் 3,600ஆல் வகுக்க வேண்டும். 25,920ஐ 5/18ஆல் பெருக்கி வந்த 7,200ஐ இன்னொரு முறை 3,600ஆல் வகுத்தால் 2. அவ்வளவுதான் விடை, 2 மீ/வி². சுருக்கமாக, கி.மீ/மணி²ஐ 12,960ஆல் வகுத்தால் மீ/வி².

விடையைப் பார்த்ததும் சந்தேகப்படப் பழக்குங்கள், அது சூத்திரத்தைவிட முக்கியம். 7,200 மீ/வி² என்றால் 734 ஜி. அதில் உட்கார்ந்து போகிற ஆள் ஆளாக இருக்க மாட்டார்.

கி.மீ/மணி² என்ற அலகைத் தேர்வுத்தாளுக்கு வெளியே நான் பார்த்தது குறைவு. ஆனால் அதன் தம்பி ஒருவன் நிஜமாகவே வேலை செய்கிறான்: வினாடிக்கு இத்தனை கி.மீ/மணி. ஜப்பானிய ரயில்காரர்கள் இதில்தான் பேசுவார்கள். அவர்களுடைய என்700 வகை ஷிங்கன்சென் ரயிலின் தொடக்க முடுக்கம் வினாடிக்கு 2.6 கி.மீ/மணி. ஓட்டுநருக்கு இது ரொம்ப வசதி, வேகமானியைப் பார்த்துக்கொண்டே பத்து வினாடியில் 26 வந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். இதை 3.6ஆல் வகுத்தால் 0.72 மீ/வி². இங்கே மணி ஒன்று, வினாடி ஒன்று. அதனால் 5/18 ஒரே முறைதான். உங்கள் மகளின் சூத்திரம் சரியாக உட்கார்கிற இடம் இதுதான் என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஃபோனில் உள்ள முடுக்கமானியைப் படிக்கிறோம். மேஜையில் வைத்தால் ஆண்ட்ராய்டு ஃபோன் 9.8 என்கிறது, நண்பனின் ஐபோன் –1 என்கிறது. எது பழுது? – நான்கு மாணவிகள், திருச்சி

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு மீ/வி²இல் தருகிறது, ஐபோன் ஜியில் தருகிறது. அதோடு குறியும் தலைகீழ். திரை மேலே பார்க்கப் படுக்கவைத்தால் ஆண்ட்ராய்டில் செங்குத்து அச்சு +9.8 காட்டும், ஐபோனில் –1. ஆகவே ஐபோன் எண்ணை –9.80665ஆல் பெருக்கினால் இரண்டும் ஒரே பேச்சுக்கு வந்துவிடும். குறியை மறந்தால் உங்கள் ப்ராஜெக்டில் லிஃப்ட் ஏறும்போது இறங்குவதாக வரும்.

ஃபோனை விட்டுவிட்டுத் தனி சென்சார் வாங்குகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எம்பியு-6050 என்ற சின்னச் சில்லு மாணவர்களிடம் ரொம்பப் பிரபலம். அது மீட்டரும் தராது, ஜியும் தராது, வெறும் முழு எண் தரும். ±2 ஜி வீச்சில் வைத்திருந்தால் 16,384 என்பது ஒரு ஜி. ±4க்கு மாற்றினால் 8,192 ஒரு ஜி. நான் ஒரு முறை வீச்சை மாற்றிவிட்டு வகுக்கிற எண்ணை மாற்ற மறந்துபோய், மேஜையில் சும்மா கிடக்கிற சில்லு ஏன் அரை ஜி காட்டுகிறது என்று ராத்திரி இரண்டு மணி வரை ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன். அலகுத் தவறு என்றால் எப்போதும் மைல், அடி என்று நினைக்கிறோம், இப்படி அலகே இல்லாத எண்ணில்தான் ஆபத்து அதிகம்.

அபுதாபியில் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தில் வேலை. பழைய அமெரிக்கக் கணக்குத்தாள்களில் எங்கே பார்த்தாலும் 32.174ஆல் வகுக்கிறார்கள். புவியீர்ப்பே இல்லாத கணக்கிலும் வகுக்கிறார்கள்! ஏன் சார்? அப்புறம், செவ்வாய்க்குப் போன விண்கலம் ஒன்று இந்த மாதிரிக் குழப்பத்தில்தான் அழிந்தது என்பது உண்மையா?

முதலில் 32.174. இது 9.80665 மீட்டரை அடியில் எழுதினால் வருவது. ஒரு அடி என்பது மிகச் சரியாக 0.3048 மீட்டர் என்று 1959இல் ஆங்கில அளவு வழங்கிய நாடுகள் ஒப்புக்கொண்டன, 9.80665 ÷ 0.3048 = 32.174.

அதை ஏன் கிடைமட்டக் குழாயில் ஓடுகிற எண்ணெய்க்கும் போடுகிறார்கள் என்பதுதானே உங்கள் எரிச்சல்? பவுண்டு என்ற ஒரே சொல்லை நிறைக்கும் விசைக்கும் வைத்துக்கொண்டதன் விளைவு அது. ஒரு பவுண்டு நிறையை ஒரு பவுண்டு விசையால் தள்ளினால் வினாடிக்கு வினாடி 1 அடி முடுக்கம் வராது, 32.174 அடி வரும், ஏனென்றால் பவுண்டு விசை என்பதே பூமி ஒரு பவுண்டை இழுக்கிற இழுப்பு என்றுதான் வரையறுக்கப்பட்டது. ஆகவே அந்த 32.174 உங்கள் குழாய்க்கு வந்த புவியீர்ப்பு இல்லை. அலகின் உள்ளே ஒளிந்திருந்தது, வகுத்து வெளியே எடுக்கிறார்கள். நம்மிடமும் இதே கூத்து கிலோ விசை என்ற பெயரில் இருந்தது, ஒரு கிலோ விசைக்கு 9.80665 நியூட்டன். நியூட்டன் வந்தபிறகு நாம் தப்பித்தோம். அமெரிக்கர்களும் தப்பிக்க 'ஸ்லக்' என்று ஒரு நிறை அலகு வைத்தார்கள், ஏறத்தாழ 14.59 கிலோ, பவுண்டு விசையை ஸ்லக்கால் வகுத்தால் நேராக அடி/வி² வந்துவிடும்.

ஒரு கணக்கு: 644 பவுண்டு நிறையுள்ள ஒரு வால்வை 10 அடி/வி² முடுக்கத்தில் நகர்த்த வேண்டும். 644 × 10 ÷ 32.174, சுமார் 200 பவுண்டு விசை. நம் வழியில் போட்டால் 292.1 கிலோ × 3.048 மீ/வி² = 890 நியூட்டன், அதுவும் அதே 200 பவுண்டுதான். 32.174ஐ மறந்தால் 6,440 என்று வரும், கிரேன் கம்பெனிக்குக் கொண்டாட்டம்.

விண்கலம் பற்றி: நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. உண்மைதான், அலகுக் குழப்பம்தான், ஆனால் பலரும் எழுதுவதுபோல அடி–மீட்டர் குழப்பம் இல்லை, முடுக்கமும் இல்லை. சிறு ராக்கெட்டுகள் கொடுத்த உந்தத்தைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு விசை–வினாடியில் எழுதியது, வாங்கிப் படித்த தரப்பு அதை நியூட்டன்–வினாடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். செவ்வாயிலிருந்து 226 கி.மீ. உயரத்தில் போக வேண்டிய கலம் 57 கி.மீ. வரை இறங்கிவிட்டது.

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குகிறோம். பொறியாளர் அறிக்கையில் நிலநடுக்கத்துக்கு '0.16' என்று இருக்கிறது. ஜப்பானில் 2,933 என்று படித்தேன். 0.16 எங்கே, 2,933 எங்கே! பயமாக இருக்கிறது. – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

பயத்தில் பெரும்பகுதி அலகால் வந்தது, அதை முதலில் கழித்துவிடுவோம்.

ஜப்பானியர்கள் நில அதிர்வை ஒரு தனி அலகில் சொல்வார்கள். கலிலியோவின் பெயரை வெட்டி வைத்தது, வினாடிக்கு வினாடி ஒரு சென்டிமீட்டர். தமிழில் எழுதுவதில்தான் சங்கடம்: 'கல்' என்று எழுதினால் கல்லாகிவிடும், 'கால்' என்றால் காலாகவோ கால்பங்காகவோ ஆகிவிடும். 'கேல்' என்று வைத்துக்கொள்வோம். 100 கேல் 1 மீ/வி², 980.665 கேல் ஒரு ஜி. 2011இல் ஜப்பானில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் மியாகி மாகாணத்தின் த்ஸுகிதாதே என்ற இடத்தில் பதிவானதுதான் நீங்கள் படித்த 2,933 கேல். ஜியில் 2.99. உங்கள் 0.16 ஏற்கெனவே ஜியில் இருக்கிறது. கேலில் 157, மீட்டரில் 1.57, அடியில் 5.15. ஆக வித்தியாசம் பதினெட்டாயிரம் மடங்கு இல்லை, பத்தொன்பது மடங்குக்குக் கொஞ்சம் கீழே.

பத்தொன்பது மடங்கும் பெரிசுதானே என்பீர்கள். சரி. ஆனால் இவை இரண்டும் ஒரே வகை எண் இல்லை. 0.16 என்பது நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பில் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு வைத்த காரணி, சென்னை அதில் வருகிறது. இரண்டாம் மண்டலத்துக்கு 0.10, நான்குக்கு 0.24, ஐந்துக்கு 0.36. அதையும் அப்படியே கட்டடத்தின் மேல் போட மாட்டார்கள். பாதியாக்கி, கட்டடத்தின் முக்கியத்துவம், அது எவ்வளவு வளைந்து கொடுக்கும், எத்தனை வினாடிக்கு ஒரு முறை ஆடும் என்று பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். 2,933 என்பதோ ஒரு கருவி ஒரு கணத்தில் தொட்ட உச்சம்.

அந்த உச்சத்தை வைத்து மட்டும் சேதத்தைச் சொல்லவும் முடியாது. 1995இல் கோபே நகரின் வானிலை நிலையத்தில் பதிவான உச்சம் 818 கேல், அதாவது 0.83 ஜிதான், நகரமே நொறுங்கியது. த்ஸுகிதாதேயில் அதைப்போல மூன்றரை மடங்கு பதிவானது, ஆனால் அந்த அளவுக்கு வீடுகள் இடிந்து விழவில்லை. அங்கே குலுக்கல் வெடுக்வெடுக்கென்று மிகக் குறுகிய இடைவெளியில் வந்தது. கோபேயில் ஒன்றிரண்டு வினாடிக்கு ஒரு முறை என்று நிதானமாக, வீடுகள் ஆடத் தோதான தாளத்தில் வந்தது. ஊஞ்சலை அதன் தாளத்தோடு தள்ளினால் சின்னக் குழந்தைகூட உயரே அனுப்பிவிடும் இல்லையா, அது மாதிரி.

ஆகவே பொறியாளரிடம் 0.16 ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். கம்பி கட்டும்போது தூணும் உத்தரமும் சேருகிற இடத்தில் வளையங்களை நெருக்கமாகப் போட்டார்களா, கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தவென்று சுவரில்லாமல் விட்டிருந்தால் அதற்குத் தனியாகக் கணக்குப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மூஞ்சியைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

நகைக்கடையில் கணக்கராக இருக்கிறேன். சென்னையில் புவியீர்ப்பு 9.78 தான், அப்புறம் ஏன் ஒரு ஜிக்கு 9.80665 என்று எழுதுகிறீர்கள்? தில்லியில் சரிபார்த்து வந்த மின்னணுத் தராசு இங்கே தங்கத்தைக் குறைத்துக் காட்டும் என்கிறான் என் அண்ணன் மகன். உண்மையா?

இந்த மாதக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஜி என்ற எழுத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, நீங்கள் நிற்கிற இடத்தின் புவியீர்ப்பு, அது இடத்துக்கு இடம் மாறும்: நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832, சென்னையில் சுமார் 9.783, தில்லியில் சுமார் 9.791. இன்னொன்று, ஓர் அலகு. அது 1901இல் எடைகள், அளவைகளுக்கான மூன்றாவது பொது மாநாட்டில் 9.80665 என்று முடிவு கட்டப்பட்ட ஓர் எண், எங்கே நின்றாலும் மாறாது. 45 பாகை அட்சரேகையில் கடல் மட்டத்தில் இருக்கும் புவியீர்ப்பு என்று நினைத்துத்தான் அதை வைத்தார்கள். பிற்பாடு துல்லியமாகப் பார்த்தால் அங்கே 9.8062தான். இருந்தாலும் எண்ணை மாற்றவில்லை, மாற்றினால் அதை நம்பி எழுதிய எல்லாம் மாறும். முழம் மாதிரிதான், யாரோ ஒருவர் கையில் தொடங்கியது, ஆனால் துணிக்கடையில் அளவு என்று ஒன்று வைத்த பிறகு உங்கள் கை குட்டையா நெட்டையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆகவே அலகு மாற்றும்போது சென்னையிலும் 9.80665தான். 9.78ஐப் போட்டால் நம் 0.16 ஜியும் ஜப்பான்காரரின் 0.16 ஜியும் வேறுவேறாகிவிடும்.

உண்மையான புவியீர்ப்பை அளப்பவர்களுக்கும் இப்படி ஒரு சரித்திரம் உண்டு. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் 1898 முதல் 1904 வரை ஊசல்களை ஆட்டி ஒரு மதிப்பு எடுத்தார்கள், உலகம் முழுக்க அதை அடிப்படையாக வைத்துக்கொண்டது. அது 14 மில்லிகேல் கூடுதல் என்று பின்னால் தெரிந்தது, 1971இல்தான் புதிய வலையமைப்புக்கு மாறினார்கள். மில்லிகேல் என்பது 0.00001 மீ/வி². இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், பூமிக்கு அடியில் எண்ணெயும் கனிமமும் தேடுகிறவர்கள் அந்த மில்லிகேல்களில்தான் பிழைக்கிறார்கள்.

இப்போது தராசு. அண்ணன் மகன் சொன்னது சரி, பாதி மட்டும். மின்னணுத் தராசு நிறையைப் பார்ப்பதில்லை, தட்டை அழுத்துகிற விசையைப் பார்த்து, கிராமாக மாற்றிக் காட்டுகிறது. தில்லியில் சரிபார்த்ததை அப்படியே சென்னையில் வைத்தால் 0.008ஐ 9.791ஆல் வகுத்த அளவுக்கு, சுமார் 0.08 சதவீதம், குறைவாகக் காட்டும். ஒரு பவுனுக்கு ஆறரை மில்லிகிராம், 100 கிராமுக்கு 80 மில்லிகிராம் போல. ஆனால் தராசை வைக்கிற இடத்திலேயே எடைக்கல்லை வைத்துச் சரிசெய்துவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும், முத்திரை போட வருகிறவர்களும் எடைக்கல் வைத்துத்தான் பார்க்கிறார்கள். பழைய இரட்டைத்தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, இரண்டு தட்டையும் ஒரே பூமிதான் இழுக்கிறது.

கடைசியாக, கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் கேட்டிருந்தீர்கள், உயரே போனால் எடை குறையுமாமே என்று. குறையும். ஒரு மீட்டர் ஏறினால் சுமார் 0.3086 மில்லிகேல். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள், அதாவது 65.8 மீட்டர், உச்சியில் 20 மில்லிகேல் குறையும். 60 கிலோ ஆளை அங்கே ஏறவிட்டு (விட மாட்டார்கள்) மின்னணுத் தராசில் நிறுத்தினால் 1.2 கிராம் போலக் குறைத்துக் காட்டும். பவுனில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.